அந்த ஸ்டிக்கரை அவள் மாற்றி ஒட்டவில்லை

நாயகம்,

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உன் சாப்ட்வேர் மதுரையில் அந்த மருத்துவமனை வார்டில் ஓடத் தொடங்கப்போகிறது. இன்றைக்குச் சனிக்கிழமை. இரண்டு நாளாக எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்றுக் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றிருக்கிறேன், பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் கண்ணில் பட்டது. உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்லபடியா ஒரு வேலையை முடிச்சிருக்கான். சந்தோசப்படுததை விட்டுட்டு இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கியே" என்றார். அவருக்கும் நேற்று ராத்திரி வரை இந்தக் கதை தெரியாது. இப்போது தெரியும். அதனால்தான் இப்போது எதிர் அறையில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடப்போகிறேன். உன்னை ஊருக்கு முன்னால் குறை சொல்வதற்கு இல்லை, பயப்படாதே. குறை சொல்லவேண்டியது என்னை. உன்னிடம் போனில் சொல்லிப் பார்த்தேன், நீ காதில் வாங்கவில்லை. அதற்கு உன்னைத் திட்டவும் முடியாது, ஏனென்றால் சொல்லவேண்டியதில் பாதியைத்தான் சொன்னேன். மீதிப் பாதியைப் பதினோரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். கோபப்படாமல் படி என்று கேட்கமாட்டேன். தாராளமாகக் கோபப்படு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

புதன்கிழமை நீ அந்த சாப்ட்வேரின் புரோகிராம் கோடை அனுப்பி, "சும்மா ஒரு பார்வை பாரும்மா" என்றாய். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கோடு சரியா என்று சோதிக்கிற டெஸ்ட் இருநூற்றுச் சொச்சம், தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. ஓட்டினேன். ஒன்றுகூடச் சிவப்பு இல்லை, வரிசையாகப் பச்சை. பரவாயில்லையே, இவன் என்னைவிட ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தேன். டெஸ்ட் ஃபைல்களுக்கு நடுவில் ஒன்றைத் திறந்தேன். அதன் உச்சியில் என் வரி இருந்தது. "இது இல்லைன்னா தலைவலி. யாரும் தொடாதீங்க." நீ கல்லூரியில் புராஜெக்ட் செய்தபோது, பழைய கோடு ஏதாவது கொடு என்று கேட்டாயே, அப்போது ஃபோல்டரோடு தூக்கிக் கொடுத்தேன். அதிலிருந்து இந்த ஃபைல் உன்னோடு கல்லூரிக்குப் போய், முதல் வேலைக்குப் போய், இப்போது மருத்துவமனை வார்டுக்குப் போகிறது. யாரும் தொடாதே என்று அம்மா எழுதியிருக்கிறாள், மகனும் தொடவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெப்சைட்டுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கிளிக்கும் அதற்கு முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்கிற மாதிரி. கோவில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் கொடுக்கிறார்களே, அதுபோல உள்ளே வந்தவரின் பிரவுசரிடம் சர்வர் ஒரு டோக்கனைக் கொடுக்கும். அந்த டோக்கன் நம்பருக்கு ஒரு சின்னப் பையை வைத்துக்கொண்டு, யார் லாகின் செய்தார், கடைசியாக எதைத் திறந்தார் என்பதையெல்லாம் அதில் போட்டுவைக்கும். அந்தப் பைதான் செஷன். கேட்ட பக்கத்தைத் தயார்செய்து திரைக்கு அனுப்புகிற கோடின் பெயர் வியூ. யூனிட் டெஸ்ட் என்றால், ஒவ்வொரு வியூவையும் தனியாக நிறுத்தி, இதைக் கொடுத்தால் இதுதான் வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பது. அப்படிக் கேட்பதற்கு முன்னால் டெஸ்டிலும் ஒரு செஷன் பையைத் தயார்செய்துவைக்க வேண்டும். அந்தப் பையில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன்.

உன் ஒன்பதாம் வகுப்பு வருஷம். நம் வீட்டு முன்னறையில் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஊரிலிருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு சாப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த முதல் வேலை. வியூவுக்கு டெஸ்ட் எழுத உட்கார்ந்தால், செஷனில் ஒன்றைப் போடுவேன், வியூவைக் கூப்பிடுவேன், அது என்னைத் தெரியாத ஆள் மாதிரி லாகின் பக்கத்துக்குத் துரத்திவிடும். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், செஷனை எடுத்து ஒரு பெயரில் வைத்துக்கொண்டு, அதில் மாற்றி, சேவ் செய்தால்தான் அது நிற்குமாம். நான் போட்டதெல்லாம் போட்ட இடத்திலேயே காற்றில் போயிருந்தது. எரிச்சலில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன். அதைக் கூப்பிட்டால் புத்தம்புதுச் செஷனை உண்டாக்கி, ஒரு ஊழியர், ஒரே ஒரு நோயாளி இருவரையும் அதில் உட்காரவைத்து, சேவ் செய்து கொடுத்துவிடும். அன்றைக்கே எல்லா டெஸ்டும் பச்சையாகிவிட்டது. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்து அந்த "தலைவலி" வரியை எழுதிவைத்தேன்.

லேபில் ஒரே கவுண்டர், ஒரே கம்ப்யூட்டர். கவுண்டரில் இருந்தவள் செல்வி. இரண்டு பிள்ளைகளின் தாய், அப்போது முப்பது வயது இருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளிப்பாள். பெயர் பதிவாள், ரத்த டியூபில் ஸ்டிக்கர் ஒட்டுவாள், முந்தின நாள் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொடுப்பாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். ஒருத்தருடைய பக்கத்தை மூடிவிட்டு அடுத்தவர் பக்கத்தைத் திறக்க எங்கே நேரம்? ஒரே பிரவுசரில் இரண்டு டேப், மூன்று டேப் திறந்துவைத்துக்கொள்வாள். நான் அங்கே போய்ப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "கெட்டிக்காரி" என்று மெச்சிவிட்டு வந்தேனே தவிர, எத்தனை டேப் திறந்தாலும் செஷன் பை ஒன்றுதானே, அதில் கடைசியாகத் திறந்த ஆள் மட்டும்தானே இருப்பார் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் வாசுதேவநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் பக்கத்தைத் திறந்தாள். அச்செடுப்பதற்குள் இன்னொருவர் வந்து அவசரப்படுத்த, அவருடைய பக்கத்தை வேறு டேப்பில் திறந்தாள். பிறகு முதல் டேப்புக்குத் திரும்பி அச்செடுத்தாள். நான் எழுதின வியூ, தலைப்பில் போடவேண்டிய பெயரை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. ரத்த அளவுகளையோ, யாருடையவை என்று செஷனிடம் கேட்டு எடுத்தது. காகிதத்தில் பெயர் விவசாயியுடையது, சர்க்கரை அளவு அடுத்தவருடையது. பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது. டாக்டர் அந்த அளவைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினார். மூன்றாம் நாள் அவர் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் வேர்த்து விறுவிறுத்துக் கீழே விழுந்துவிட்டார். பக்கத்து ஜூஸ் கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றியதால் பிழைத்தார்.

மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு சாதாரணம். லேப் முதலாளி கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கவுண்டருக்கு வந்து நேராக, "நீதான் டியூபில ஸ்டிக்கரை மாத்தி ஒட்டியிருக்கே. ஒரு உசுரு போகத் தெரிஞ்சிது. நாளையிலருந்து வராதே" என்று சொல்லிவிட்டார். அவள் அழுதாளாம். ஆனால் நான் மாற்றி ஒட்டவில்லை என்று சாதிக்கவில்லையாம். அந்தக் கூட்டத்தில் எந்த டியூபில் எதை ஒட்டினோம் என்று யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?

எனக்கு இது நாலு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. என்னவோ மனசு கேட்காமல் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். விவசாயியின் பெயருக்கு நேராக அவருடைய சரியான அளவே இருந்தது. அப்படியென்றால் டியூபில் ஸ்டிக்கர் சரியாகத்தான் ஒட்டியிருக்கிறது! தப்பு அச்சில். அதாவது என்னுடையது. நானே இரண்டு டேப் திறந்து அச்செடுத்துப் பார்த்தேன். முதல் தடவையே மாறி வந்தது. பிறகு ஒரு மணி நேரத்தில் கோடைத் திருத்தினேன். யாருடைய ரிப்போர்ட் என்பதை இனிச் செஷனிடம் கேட்காதே, பக்கத்தின் முகவரியிலேயே நோயாளி எண்ணைக் கொண்டுபோ என்று மாற்றிவிட்டு, லேபுக்குப் போன் செய்து, "அண்ணாச்சி, சின்ன அப்டேட் ஒண்ணு போட்டிருக்கேன்" என்றேன். அவர் "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். செல்வியைப் பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை.

ஏன் என்று நீ கேட்பாய். பயம், ஐயா. வெறும் பயம். வீட்டில் உட்கார்ந்து பொம்பளை எழுதின சாப்ட்வேர் இப்படித்தான் இருக்கும் என்று ஊர் சொல்லிவிடும் என்ற பயம். போலீஸ், கேஸ் என்று வந்துவிடுமோ என்ற பயம். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற புதுப் பயம் வந்து சேர்ந்துகொண்டது. பிறகு செல்வி இருக்கிற தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். மார்க்கெட்டுக்குப் போக அதுதான் குறுக்குவழி என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! ஒரு ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அவள் எனக்கு நாலு பேர் தள்ளி நின்றாள். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மன் வருவதற்குள் ஏன் போகிறோம் என்று வீடு வரைக்கும் முனகிக்கொண்டே வந்தாய்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். கோடைத் திருத்தினேனே, அதற்கு ஒரு டெஸ்ட் எழுதியிருக்க வேண்டும். செஷனில் வேற்றாளின் மிச்சத்தை முதலில் போட்டுவைத்துவிட்டு, இந்த ஆளின் ரிப்போர்ட்டைக் கேள், இந்த ஆளுடையதுதான் வருகிறதா பார் என்று. பத்து வரிகூட வராது. எழுத உட்கார்ந்தேன். டெஸ்டுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் அல்லவா? "ஒருவர் பெயரில் மற்றவர் அளவு வரக்கூடாது" என்று அடித்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாராவது பின்னால் இதைப் படித்தால் இங்கே என்ன நடந்தது என்று தெரிந்துபோகும். அழித்துவிட்டேன். அந்தப் புத்தம்புதுச் செஷன் ஃபங்ஷனை அப்படியே விட்டுவிட்டேன். அதைத்தான் நீ தூக்கிக்கொண்டு போனாய். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உன் கையில் கொடுத்தவள் நான்தான்.

உன் வார்டு சாப்ட்வேரில் நர்ஸ் ஒரு படுக்கை எண்ணை அழுத்துகிறாள், அந்த நோயாளியின் மருந்துப் பட்டியல் வருகிறது. எந்தப் படுக்கை என்பதை நீ செஷனில் போட்டிருக்கிறாய். உன் டெஸ்ட் ஒவ்வொன்றும் துடைத்துவைத்த செஷனில், ஒரே ஒரு படுக்கையோடு தொடங்குகிறது. பச்சை வராமல் என்ன செய்யும்? உன் வார்டிலோ ஒரு கம்ப்யூட்டர், ஒரு லாகின், மூன்று நர்ஸ்கள். வியாழக்கிழமை காலையில் நான் அன்றைக்கு அழித்த டெஸ்டை உன் கோடுக்கு எழுதினேன். செஷனில் ஏழாம் படுக்கையை மிச்சமாக வைத்துவிட்டு நாலாம் படுக்கையின் பக்கத்திலிருந்து மருந்துப் பட்டியலைக் கேட்டேன். மேலே நாலாம் படுக்கைக்காரரின் பெயர். கீழே ஏழாம் படுக்கையின் இன்சுலின். சிவப்பு, நாயகம்.

உடனே போன் போட்டேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, ரெண்டு டேப்லாம் திறக்கக் கூடாதுன்னு டிரெயினிங்ல சொல்லியாச்சு. திங்கட்கிழமை லைவ். இப்பப் போய் கையை வச்சா எல்லாம் இழுத்துக்கிடும். அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கிடலாம். நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுதே." உண்மைதான், நான் எதுக்கெடுத்தாலும் பயப்படுகிறவள். உனக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று தெர்மாமீட்டர் வாங்கினவள். ஆனால் இது அந்தப் பயம் இல்லை. டிரெயினிங்கில் சொன்னாயாம். ஒரு பெரியவர் மூச்சுத் திணறும்போது பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் மருந்து கேட்டு நச்சரித்தால், அந்த நர்ஸ் உன் டிரெயினிங்கை நினைப்பாளா? இரண்டாவது டேப்பைத் திறக்கத்தான் செய்வாள். திறந்தால் அது அவள் தப்பு என்று நீ இப்போதே முடிவுகட்டி வைத்திருக்கிறாய். நன்றாக யோசித்துப் பார். அதைத்தானே நீ எனக்குச் சொன்னாய்?

நேற்று மத்தியானம் நான் செல்வி வீட்டுக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தெருவில் நடந்தேன். அவள் இப்போது ஒரு விசைத்தறிக் கூடத்தில் சேலை மடித்துக் கட்டுகிற வேலைக்குப் போகிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். "வாங்கக்கா, வாங்க. என்ன இவ்வளவு தூரம்? உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செஷன், டேப் எல்லாம் அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். எதுவும் தேவைப்படவில்லை.

"அப்ப ஸ்டிக்கரை நான் மாத்தலியா அக்கா?"

"இல்லம்மா. நீ சரியாத்தான் ஒட்டியிருக்கே."

"நான் மாத்தலியா?"

"மாத்தல."

மூன்றாவது தடவையும் கேட்டாள். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் மாத்திட்டேன்னு நானே நம்பிட்டேனே அக்கா" என்றாள். தறிக்கூடத்தில் மடித்த சேலைக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை கொஞ்சம் லேசானதாம், அதை எத்தனை தரம் கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டாளாம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து பார்ப்பாளாம். பிள்ளைக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு பாட்டிலைப் படிக்கச் சொல்வாளாம். "எங்க வீட்டுக்காரரும், உன் கையில ஒண்ணைக் குடுக்க முடியுமான்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லுதாரு" என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்காரப் போனேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே அக்கா. வேலையக்கூட நான் கேட்டிருக்க மாட்டேனே." மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதி எல்லாரும் படிக்கிற மாதிரி போடப்போகிறேன், உன் பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு மாத்தணும்? அன்னைக்கு ஊர் பூரா என் பேரத்தானே சொல்லிச்சி. என் பேரையே போடுங்க" என்றாள். பிறகு, "இப்பப் போங்கக்கா" என்றாள். வந்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன் நாயகம், ஊசியை மாற்றிப் போட்டால் நோயாளிக்கு என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம் என்னைத் தின்கிறது. அந்த ஊசியைக் கையில் பிடித்திருந்தவள் வாழ்நாள் முழுக்கத் தன் கையை எப்படிப் பார்ப்பாள் என்பது இன்னொரு பக்கம். உன் கம்பெனி அவளை விசாரிக்கும், உன் கோடை விசாரிக்காது. உன்னிடம் இருநூறு பச்சை இருக்கிறது. அவளிடம் ஒன்றும் இருக்காது.

நான் எழுதின டெஸ்டை உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஓட்டிப் பார். படுக்கை எண்ணைச் செஷனிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்தின் முகவரியில் வை. லாகின் செய்தது யார் என்பது மட்டும் செஷனில் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு வியூவுக்கும் வேற்றாளின் மிச்சம் கிடக்கிற அழுக்குச் செஷனோடு ஒரு டெஸ்ட் எழுது. திங்கட்கிழமைக்குள் முடியாது, எனக்குத் தெரியும். அதனால் அந்த வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்குப் போன் பண்ணி, இன்னும் தயாராகவில்லை, காகிதத்திலேயே எழுதுங்கள் என்று சொல். நாளை மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். நீ சொல்லவில்லை என்றால் மருத்துவமனை நம்பரைத் தேடிப் பிடித்து நான் சொல்லிவிடுவேன். மகன் என்று பார்க்கமாட்டேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தால் அழுவேன், ஆனாலும் சொல்லிவிடுவேன்.

யாரால் இப்படி ஆயிற்று என்று உன்னை உன் கம்பெனியில் கேட்பார்கள். யாராவது ஒருத்தர் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்த ஃபைலை எழுதினது எங்க அம்மா, தப்பு என்று தெரிந்தும் மறைத்தது எங்க அம்மா என்று சொல். என் பெயரை முழுசாகச் சொல்.

அம்மா